இரண்டு மணி நேரத்துக்குள்

பிப்ரவரி 6, 2024, செவ்வாய்

குழுக் கடன் தவணை 1,150 கட்டியாயிற்று. பர்ஸில் 640 ரூபாய் இருக்கிறது.

பிப்ரவரி 7, புதன்

படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவைப் புரட்டும் வேளை: காலை 6 இடப்பக்கம். 8 மல்லாக்க. 10 வலப்பக்கம். சுவரில் பென்சிலால் எழுதி வைத்துவிட்டேன், இல்லாவிட்டால் குழம்பிப்போகிறது. புரட்டிப் படுக்கவைத்து, முதுகும் குதிகாலும் சிவந்திருக்கிறதா என்று பார்த்து, துணி மாற்றி, டியூபில் 200 மில்லி கஞ்சியை மெதுவாக இறக்கி, அப்புறம் அரை மணி நேரம் தலைமாடு உயர்ந்தே இருக்கிறதா என்று கவனித்து முடிப்பதற்குள் அடுத்த வேளை எட்டிப் பார்க்கிறது. கணக்குப் போட்டேன். ஒவ்வொரு இரண்டு மணி நேரத்திலும் எனக்கென்று மிஞ்சுவது ஐம்பது நிமிடம்.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொல்கிறார்கள். "வீட்ல இருந்தே ஏதாச்சும் பாக்கலாமே கண்ணு." பார்க்கலாம். ஐம்பது நிமிடத்துக்குள் அடங்குகிற வேலை, பாதியில் வைத்துவிட்டு எழுந்தால் கெட்டுப்போகாத வேலை எது என்று யாராவது சொன்னால் இன்றைக்கே ஆரம்பிக்கிறேன்.

பிப்ரவரி 10, சனி

சம்பள நாள். சாயங்காலம் ஏழு மணிக்குத் தெருவில் போகிறவர்கள் கையில் எல்லாம் ஒரு பை. பூ, பிஸ்கட், குழந்தைக்கு ஏதோ ஒன்று. ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

பிப்ரவரி 12, திங்கள்

பனியனில் தொங்கும் நூல் பிசிறை வெட்டிக் கொடுக்கப் பீஸ் கேட்டிருந்தேன், ஆட்டோவில் ஐந்து பண்டல் இறக்கிவிட்டுப் போனார்கள். ஒரு பீஸுக்கு 60 பைசா. பதினான்கு வருடம் பனியன் கம்பெனி ஆபீஸில் உட்கார்ந்து இதே பிசிறுக்கு ரேட் பேசியவள் நான். "அறுபது பைசா அதிகம், ஐம்பத்தைந்து போடுங்க" என்று போனில் சொன்னது நினைவு வந்தது. அன்றைக்கு அந்த ஐந்து பைசா யாருடையது என்று நான் யோசிக்கவில்லை.

பிப்ரவரி 14, புதன்

பீஸைக் கையில் எடுத்தால் முதலில் கழுத்துப்பட்டி. அங்கே தையல் முடிகிற இடத்தில் நூல் வால் மாதிரி தொங்கும். அப்புறம் இரண்டு தோள், இரண்டு கை ஓரம், அக்குள், அடிமடிப்பு. பக்கத் தையலில் லேபிளுக்குப் பின்னால் ஒன்று ஒளிந்திருக்கும், அதை விட்டால் செக்கிங்கில் பீஸ் திரும்பி வரும். ட்ரிம்மரைத் துணியோடு படிய வைத்துத்தான் வெட்ட வேண்டும். கொஞ்சம் சாய்ந்தால் ஓட்டை. ஓட்டை விழுந்தால் பீஸ் விலையே நம் கணக்கில் ஏறும்.

ஐம்பது நிமிடத்தில் 45 பீஸ். 27 ரூபாய். நேற்று காலை முதல் ராத்திரி வரை 210 பீஸ், 126 ரூபாய்.

ஆனால் கூப்பிட்டால் கீழே வைத்துவிட்டு எழுந்துவிடலாம். திரும்பி வந்தால் விட்ட தோளிலிருந்தே ஆரம்பிக்கலாம். இந்த ஒன்றுக்காக இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிப்ரவரி 15, வியாழன்

டஜன் டஜனாகக் கட்டும்போது வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். பத்து, பதினொண்ணு என்று சொல்லிவிட்டு கயிற்றைத் தேடினேன்.

கட்டிலில் இருந்து அப்பா "பன்னெண்டு" என்றார்.

இருபத்தாறு நாளில் முதல் வார்த்தை.

பிப்ரவரி 16, வெள்ளி

இன்று எத்தனை முறை எண்ணியும் பேசவில்லை. நேற்று என் காதில்தான் அப்படி விழுந்ததோ?

பிப்ரவரி 18, ஞாயிறு

பஞ்சுத் தூசி. அப்பா மூச்சு விடுகிற இடத்தில் பீஸை உதறக்கூடாது என்று பண்டலைத் திண்ணைக்கு மாற்றினேன். திண்ணையில் உட்கார்ந்தால் கட்டில் தெரியவில்லை. கட்டிலில் போட்டிருக்கும் ஏர் பெட்டுக்குக் காற்றடிக்கிற மோட்டார் சத்தம் மட்டும் கேட்கிறது. அந்தச் சத்தம் கேட்கும்வரை எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டு வெட்டுகிறேன். கரண்ட் போனால் ஓடி வருகிறேன்.

பிப்ரவரி 19, திங்கள்

மாவு அரைத்து விற்கச் சொல்கிறார் மேல்வீட்டு அக்கா. "ஊரே மாவு வாங்கித்தான் இட்லி சுடுது" என்றார். உண்மைதான். ஒரு கிலோ அரிசி, கால் கிலோ உளுந்து, கொஞ்சம் வெந்தயம். அரைத்தால் இரண்டரை கிலோவுக்குக் குறையாது. கிலோ 40 என்றால் 100 ரூபாய். அரிசி, உளுந்து, கவர், கரண்ட் போக முப்பது நிற்கலாம். ஏர் பெட் மோட்டார் ராத்திரி பகலாக ஓடுவதால் இரண்டு மாதத்துக்கு வருகிற 100 யூனிட் இலவசமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. கிரைண்டரும் சேர்ந்தால் என்ன பில் வருமோ. விற்கிறதென்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுக்க வேண்டும். வருட விற்பனை 12 லட்சத்துக்குள் என்றால் வருடத்துக்கு 100 ரூபாய்தான், அது பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம், உளுந்து நம்மைக் கேட்டுக்கொண்டு பொங்காது. தண்ணீர் தெளித்துத் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் டியூப் அடைத்துக்கொண்டால்? மாவுக் கையோடு அப்பாவைத் தொட முடியாது.

அடுப்படியில் அம்மா இருந்திருந்தால் மாவுதான்.

பிப்ரவரி 21, புதன்

மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் இருந்து பிசியோதெரபி தம்பி வந்தார். அந்தப் "பன்னெண்டு" பற்றிச் சொன்னேன். எண்ணுவது, கிழமை சொல்வது, பழகிய பாட்டு, இதெல்லாம் பேச்சு போனவர்களுக்கும் சில சமயம் தானாக வரும், தினமும் கூட எண்ணுங்க என்றார். அப்பாவின் வலது கையை முழங்கையிலிருந்து எப்படி நீட்டி மடக்குவது என்று செய்து காட்டினார். கட்டிங் மாஸ்டர் கை. நாற்பது வருடம் கத்தி பிடித்த விரல்கள், இப்போது நான் பிரித்துவிட்டால்தான் பிரிகின்றன.

பண்டலை மறுபடி அறைக்குள் கொண்டுவந்துவிட்டேன். உதறுவதை மட்டும் வாசலில்.

பிப்ரவரி 23, வெள்ளி

அண்ணா 5,000 அனுப்பினார். "பத்தலைன்னா சொல்லு." பத்தவில்லை. சொல்லவில்லை.

பிப்ரவரி 26, திங்கள்

மேல்வீட்டு அக்கா அழுதுகொண்டே இறங்கி வந்தார். போனில் யாரோ ஒரு குரூப்பில் சேர்த்திருக்கிறார்கள். வீடியோவுக்கு லைக் போட்டால் 50 ரூபாய். முதல் நாள் 150 ரூபாய் நிஜமாகவே கணக்கில் வந்திருக்கிறது. இரண்டாம் நாள் 1,000 கட்டினால் 1,300, அதுவும் வந்தது. அப்புறம் 5,000, அப்புறம் 12,000, "கடைசி டாஸ்க் முடிச்சாத்தான் எல்லாம் சேர்ந்து எடுக்க முடியும்" என்று இன்னொரு 11,000. மொத்தம் 28,000. குரூப்பில் நூறு பேர் "எனக்கு வந்துருச்சு" என்று போட்டோ போட்டிருக்கிறார்கள். அந்த நூறு பேரும் அவர்கள் ஆட்கள்தான்.

சைபர் குற்றப் புகார் எண் 1930க்கு நானே போன் போட்டுக் கொடுத்தேன். பணம் போன நேரம், யுபிஐ நம்பர் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். சீக்கிரம் சொன்னால் அந்தப் பக்கக் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. அக்கா மூன்று நாள் வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். வெட்கப்பட வேண்டியது அக்காவா?

எனக்கும் போன வாரம் ஒன்று வந்தது. வீட்டிலிருந்து படிவம் நிரப்பும் வேலை, மாதம் 22,000, பதிவுக் கட்டணம் 1,850. கட்டுவதற்குப் பணம் இல்லாததால்தான் தப்பித்தேன். கம்பெனியில் கூட வேலை பார்த்த பிள்ளை ஒருத்தி கட்டிச் சேர்ந்தாள். ஒரு வாரம் கண் வலிக்க அடித்துக் கொடுத்தபின் "பிழை அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், வக்கீல் நோட்டீஸ்" என்று மிரட்டி இன்னும் 6,000 வாங்கிவிட்டார்கள். வேலை கொடுக்கிறவன் நம்மிடம் பணம் கேட்டால் அது வேலை இல்லை. இதை மட்டும் எல்லாத் தெரு முனையிலும் எழுதி வைக்க வேண்டும் போலிருக்கிறது.

நமக்கு வீட்டை விட்டு நகர முடியாது என்று அவர்களுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

பிப்ரவரி 27, செவ்வாய்

தவணை. அக்காவுக்கும் சேர்த்து நான் கட்டினேன்.

மார்ச் 1, வெள்ளி

டியூஷன் எடுக்கலாம் என்று என் மகள் பாப்பா சொல்கிறாள். ஆறு பிள்ளைகள், ஆளுக்கு 500. மூவாயிரம். ஐந்து முதல் ஏழு வரை. ஆறு மணிக்குக் கஞ்சி. ஆறு பிள்ளைகள் முன்னால் அப்பாவுக்கு டியூபில் ஊற்றுவதா? திரை கட்டலாம். ஆனால் அப்பா கண்ணைத் திறந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

வேண்டாம்.

மார்ச் 4, திங்கள்

ஒன்பது, பத்து, பதினொண்ணு.

"பன்னெண்டு."

பாப்பா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "அப்புச்சி, இன்னொருக்கா!" கண் ஓரமாகச் சிரித்தார்.

மார்ச் 6, புதன்

காதர்பேட்டைக் கடைகளில் சர்ப்ளஸ், அதாவது கம்பெனிகளில் மிஞ்சிய துணிமணி, எடுத்து வாட்ஸ்அப்பில் விற்கலாம் என்று சின்னம்மா மகள் வந்து உட்கார்ந்து பேசினாள். அவள் விற்கிறாள், நன்றாகவே ஓடுகிறது. போட்டோ போடுவது, பதில் சொல்வது, பார்சல் கட்டுவது எல்லாம் ஐம்பது நிமிடத்தில் நடக்கும். சரக்கெடுக்கப் போகத்தான் அரை நாள் வேண்டும். முதலுக்குப் பத்தாயிரமாவது வேண்டும். சைஸ் சரியில்லை என்று திரும்பி வந்தால் கூரியர் காசு நம் தலையில். எழுதி வைத்துக்கொண்டேன். அப்பா எழுந்து உட்கார ஆரம்பித்த பிறகு பார்க்கலாம்.

எழுந்து உட்கார்வார்தானே.

மார்ச் 9, சனி

கம்பெனிகளுக்குக் காஜா எடுத்துப் பட்டன் தைத்துக் கொடுக்கிற யூனிட் வைத்திருக்கிற அண்ணன் அப்பாவைப் பார்க்க வந்தார். அப்பாவிடம் கட்டிங் பழகியவர். கட்டிலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து டீ குடிக்கும்போது தன் கவலையைச் சொன்னார். கம்பெனிக்காரர்கள் எல்லோரும் திடீரென்று குறு, சிறு தொழிலுக்கான உத்யம் சான்றிதழ் கேட்கிறார்களாம், பழைய பில் எல்லாம் தேதி வாரியாகக் கேட்கிறார்களாம். இவரிடம் பில் ஒரு மஞ்சப்பையில் கிடக்கிறது.

எனக்கு அது தெரியும். வருமான வரிச் சட்டத்தில் 43பி எச் என்று ஒன்று இந்த வருடக் கணக்கிலிருந்து வந்திருக்கிறது. குறு, சிறு யூனிட்டுக்குக் கூலிப் பணத்தை, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். கெடு தாண்டிய பாக்கி மார்ச் 31 அன்றும் நின்றால், அதை அந்த வருடச் செலவாகக் கம்பெனி காட்ட முடியாது, வரி ஏறும். ஆறு மாதம் இழுத்தடிக்கும் ஊரில் அதனால்தான் இவ்வளவு பரபரப்பு. சில கம்பெனி பயந்துகொண்டு சான்றிதழ் இருக்கிற யூனிட்டுக்கு ஆர்டரே வேண்டாம் என்கிறது என்று இவர் பயப்படுகிறார்.

"அந்தப் பையைக் கொண்டாங்கண்ணா" என்றேன்.

மார்ச் 10, ஞாயிறு

உத்யம் பதிவு அரசு தளத்தில் இலவசம். அந்த அண்ணனிடம் ஏஜென்ட் 3,000 கேட்டிருக்கிறான். ஆதார், பான் வைத்து இருபது நிமிடத்தில் முடித்துக் கொடுத்தேன். பேப்பர் வெயிட்டாக அப்பாவின் பழைய இரும்பு ஸ்கேல்.

மார்ச் 13, புதன்

பில்லும் பிசிறு மாதிரிதான். விட்ட இடத்தில் வைத்துவிட்டு எழுந்தால் அங்கேயே இருக்கிறது. ராத்திரி இரண்டு மணி புரட்டலுக்கு என் வீட்டுக்காரர் எழுந்துகொள்கிறார், நான் தூங்காமல் கம்ப்யூட்டரில் டேலி கணக்கில் ஏற்றுகிறேன். ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலில் ஜிஎஸ்டிஆர்-1க்கு 11ஆம் தேதி, 3பிக்கு 20ஆம் தேதி. மாதத்தில் இரண்டு நாள்தான் கழுத்தைப் பிடிக்கும், மற்ற நாளெல்லாம் நம் சௌகரியம். மாதம் 2,500 தருகிறேன் என்றார் யூனிட் அண்ணன். இந்த ஐம்பது நிமிடத்துக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தேன். பிசிறைவிட நாலு மடங்கு.

சந்தோஷப்படவே பயமாக இருக்கிறது.

மார்ச் 15, வெள்ளி

இனி பீஸ் வேண்டாம் என்று ஆட்டோக்காரத் தம்பியிடம் சொல்ல வாய் வரவில்லை. ஒரு பண்டல் மட்டும் போடச் சொன்னேன். எண்ணுவதற்கு.

மார்ச் 19, செவ்வாய்

தவணை. வலது கட்டை விரல் அசைந்தது. இவர் பார்க்கவில்லை, பாப்பா பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

மார்ச் 22, வெள்ளி

இன்னும் இரண்டு யூனிட். ஒருவர் பவர் டேபிள் தையல், ஒருவர் அயர்னிங். மூன்றும் சேர்ந்து 7,000. பிப்ரவரி பிசிறுக் காசு 1,900 இன்னும் வரவில்லை. கேட்டால் "அடுத்த சனிக்கிழமைங்க". வீட்டில் உட்கார்ந்து வெட்டுகிறவளுக்கு எந்த 45 நாள்?

மார்ச் 26, செவ்வாய்

பாப்பாவுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு தொடங்கிவிட்டது. இன்று தமிழ். அப்புச்சி கையைத் தன் தலையில் எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

மார்ச் 31, ஞாயிறு

ராத்திரி 11.40. அந்த அண்ணனுக்கு இரண்டு கம்பெனிப் பணம் நேற்று ஏறிவிட்டது. ஒன்று டிசம்பர் பில். "மாஸ்டர்கிட்ட சொல்லு கண்ணு" என்றார். காதருகே சொன்னேன். "டிசம்பர் பில் வந்துருச்சுப்பா." கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். உதடு கூடியது, பிரிந்தது. வரவில்லை.

ஏப்ரல் 1, திங்கள்

கணிதம். "நல்லா எழுதினேன்மா" என்றாள், சாப்பிடாமல் தூங்கிவிட்டாள்.

பத்து, பதினொண்ணு. "பன்னெண்டு. பதிமூணு."

பதிமூணு!

ஏப்ரல் 3, புதன்

மத்தியானத்திலிருந்து நெஞ்சில் கரகரவென்று சத்தம். நாலு மணிக்கு 100.4. ஏழு மணிக்கு 101. கஞ்சி கொடுத்த பிறகு தலைமாட்டைச் சீக்கிரம் இறக்கிவிட்டேனா? பத்து மணி வேளைக்கு போன் வந்தது, பேசிக்கொண்டே இறக்கினேனா? நினைவில்லை. சுவரில் வேளைதான் எழுதியிருக்கிறேன், இது எழுதவில்லை.

இவர் கார் கூப்பிடப் போயிருக்கிறார். நாளைக்குப் பாப்பாவுக்கு அறிவியல், மேல்வீட்டு அக்கா வந்து கூடப் படுத்துக்கொள்கிறார். பையில் இரண்டு வேட்டி, துண்டு, சிரிஞ்ச், ரிப்போர்ட் ஃபைல் வைத்துவிட்டேன். லேப்டாப்பையும் மஞ்சப்பையையும் மேலே வைத்திருக்கிறேன். 11ஆம் தேதிக்கு 34 பில் மீதி.

ஹாரன் கேட்கிறது.