ஆறாம் வகுப்பைத் திரும்பப் படிக்காமல் வேறு பள்ளிக்குப் போனோம்

சிங்கப்பூரில் ஆறாம் வகுப்பு முடிவில் எழுதும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் பிள்ளை தேறவில்லை என்றால் ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். "ஒரு வருஷம்தானே, திரும்ப எழுதட்டும்" என்றுதான் எங்கள் சொந்தபந்தம் முழுவதும் சொன்னது. நாங்கள் மகனை நார்த்லைட் பள்ளியில் சேர்த்தோம். இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

தேர்வில் ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரை அடைவுநிலை தருவார்கள்; எண் குறையக் குறைய நல்லது. உயர்நிலைப் பள்ளிக்குப் போக, நான்கு பாடங்களின் மொத்தம் 30ஐத் தாண்டக்கூடாது. மொத்தம் 26 முதல் 30 வரை இருந்தால், ஆங்கிலம், கணிதம் இரண்டிலும் அடைவுநிலை 7 அல்லது அதைவிட நல்லதாக இருக்க வேண்டும். மகனுக்குக் கணிதத்தில் 8. அப்படி வந்தால் ஆறாம் வகுப்பைத் திரும்பப் படிக்கலாம். இல்லையென்றால் நார்த்லைட்டுக்கோ கேஷ்யூ ரோட்டில் இருக்கும் அசம்ப்ஷன் பாத்வே பள்ளிக்கோ விண்ணப்பிக்கலாம். முடிவெடுக்க அதிக நாள் கிடைக்காது. அதனால் தேர்வு முடிவு வந்த அன்றே வகுப்பாசிரியரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

நார்த்லைட் இப்போது டவுனர் ரோட்டில், பூன் கெங் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கென்றே 2007இல் தொடங்கிய பள்ளி. நேர்முகத்துக்குப் போனபோது பழைய தேர்ச்சி அறிக்கைகளை எல்லாம் கோப்பில் அடுக்கி எடுத்துப் போயிருந்தேன். ஆசிரியர் அதை ஓரமாக வைத்துவிட்டு மகனைப் பார்த்து, "வீட்டில் என்ன செய்யப் பிடிக்கும்?" என்றார். முதலில் அவன் வாய் திறக்கவில்லை. அப்புறம் தாத்தாவின் சைக்கிளில் கழன்ற சங்கிலியை எப்படி மாட்டினான் என்று மெல்ல ஆரம்பித்தான். பல்சக்கரம் எங்கே, சங்கிலி எங்கே சிக்கியது என்று மேசை மேல் விரலால் வரைந்தே காட்டினான். படிப்பைப் பற்றிய பேச்சில் அவன் இவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆங்கிலம், கணிதத்தோடு சமையல், விருந்தோம்பல், இயந்திரப் பராமரிப்பு என்று கைத்தொழிலும் அங்கே கற்றுத் தருகிறார்கள். அதன் பிறகு தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் தொடர வழி உண்டு.

உறவினர் பேச்சு உடனே நிற்கவில்லை. மாமியார் மட்டும், "பிள்ளை சிரிச்சிட்டுப் போறான், விடுங்கய்யா" என்றார். அது பெரிய பலமாக இருந்தது.

மகன் இயந்திரப் பராமரிப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். கணிதம் இன்னும் கஷ்டம்தான். ஆனால் இப்போது தெரியாததை ஆசிரியரிடம் அவனே போய்க் கேட்கிறான்.