எலிக்காய்ச்சல் ஆய்வு: ஒப்புதல் பெற்ற அனுபவம்

காவிரிப் படுகையில் நடவு வேலை செய்யும் பெண்களிடம் எலிக்காய்ச்சலின் தடம் எந்த அளவுக்கு இருக்கிறது என்று அறிவதே என் முனைவர் பட்ட ஆய்வு. இந்நோய்க்குக் காரணமான லெப்டோஸ்பைரா என்னும் சுருள் வடிவக் கிருமி, எலியின் சிறுநீரகத்தில் தங்கியிருந்து சிறுநீர் வழியாக வயல் தண்ணீரில் கலக்கிறது. வரப்பெங்கும் எலி வளைகள் உள்ள இந்தப் பகுதியில், நாள் முழுவதும் சேற்றில் நின்று நாற்று நடுகிறவர்களின் சேற்றுப்புண் வழியாகவும் கால் வெடிப்பு வழியாகவும் அது உடலுக்குள் நுழைந்துவிடும். ஆய்வகத்தில் செய்த பணியைவிட, இரத்தம் எடுப்பதற்கு முறையான ஒப்புதல் பெற்றதே எனக்கு அதிகம் கற்றுத்தந்தது.

முதற்படி, மனிதர்களிடம் செய்யும் ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி தரும் நெறிமுறைக் குழு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, குழுவின் தலைவர் நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வர வேண்டும். மருத்துவர்களோடு சட்டம் அறிந்தவரும், துறை சாராத பொதுமக்கள் பிரதிநிதியும் இடம்பெற வேண்டும். கடினமான கேள்விகள் அந்தப் பிரதிநிதியிடமிருந்தே வந்தன. மீதமாகும் சீரத்தை (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை) என்ன செய்வீர்கள், வேலை கெட்டால் அந்தக் கூலியை யார் கொடுப்பது, முடிவு வேறு யார் கைக்காவது போய்விடாதா என்று அவர் கேட்டார். இவற்றுக்கு எழுத்தில் விடை கொடுத்த பிறகே அனுமதி கிடைத்தது.

களத்தில்தான் அந்தக் கேள்விகளின் அருமை புரிந்தது. நில உரிமையாளர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் சொல்லும் 'சரி', அவருடைய சொந்தச் 'சரி' ஆகாது. ஆகவே வயலில் யாரிடமும் கையெழுத்து வாங்காமல், பொழுது சாய்ந்த பிறகு வீடு வீடாகச் சென்றோம். படிக்கத் தெரியாதவர்களுக்கு, ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சியின் முன்னிலையில் படிவத்தை முழுவதும் வாசித்துக் காட்டிய பிறகே கைரேகை பெற வேண்டும் என்பது விதி. அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர் சாட்சியாக இருக்க முன்வந்தார்.

"ஏம்மா, ரத்தம் குடுத்துட்டு நாளைக்கு நடவுக்குப் போவ முடியுமா?" என்று ஒரு பாட்டி கேட்டார். எடுப்பது 5 மில்லி மட்டுமே என்பதைக் குழாயைக் காட்டி விளக்கினேன். அருகில் இருந்தே நன்றாகக் கேட்டுக்கொண்ட அவருடைய மருமகள், "எனக்கு வேணாம்மா" என்றார். அந்த மறுப்பையும் மதித்துப் பதிவேட்டில் குறித்துக்கொண்டோம், காரணம் கேட்கவில்லை.

காய்ச்சலோடு இருந்தவர்களிடம் இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்ல வேண்டியிருந்தது. நுண்ணோக்கித் திரட்சிச் சோதனையில், உயிருள்ள கிருமிகளைச் சீரத்தோடு கலந்து, அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றனவா என்று இருண்ட பின்னணியில் கிருமிகளைப் பளிச்சென்று காட்டும் இருட்புல நுண்ணோக்கியில் பார்க்கிறோம். கிருமியை எதிர்த்து உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள் சீரத்தில் இருந்தால் கிருமிகள் திரளும். ஒரு முறை மட்டும் எடுத்த இரத்த மாதிரியை வைத்துப் பழைய தொற்றா புதியதா என்று பெரும்பாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து எடுக்கும் மாதிரியில் எதிர்ப்பொருளின் அளவு நான்கு மடங்கு உயர்ந்திருந்தால்தான் அண்மைத் தொற்று உறுதியாகும். இரண்டாம் முறை ஊசி குத்த வேண்டும் என்பதைப் பிற்பாடு சொல்வது நேர்மையாகாது என்பதால், படிவத்தின் தொடக்கத்திலேயே அதை எழுதினோம். ஆனால் சிகிச்சைக்கு அந்த முடிவு வரும்வரை காத்திருப்பது ஆபத்து. எனவே அவர்களை அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவைத்தோம்.

எதிர்ப்பொருள் இருந்தும் நோய்க்குறி இல்லாதவர்களிடம், இது எப்போதோ வந்துபோன தொற்றின் அடையாளமாக இருக்கலாம், இதற்கு மருந்து வேண்டாம் என்று விளக்கினேன். 'நோயாளி' என்று பெயர் வந்தால் அடுத்த நடவுக்குக் கூப்பிடமாட்டார்களோ என்ற அச்சம் பலருக்கும் இருந்தது. முடிவுச் சீட்டுகளைத் தம்மிடமே தரும்படி மேஸ்திரி கேட்டபோதும் கொடுக்காமல், ஒவ்வொருவர் கையிலும் தனித்தனியாகச் சேர்த்தேன்.