ஒரே வீட்டில் நாலு கம்ப்யூட்டர், எதற்கு என்ன ஆண்டிவைரஸ்?

கடைக்குப் போய் "வீட்டுல நாலு சிஸ்டம் இருக்கு, ஆண்டிவைரஸ் வேணும்" என்று கேட்டால், மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்காமல் ஐந்து சிஸ்டத்துக்கான பேக் ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். அட்டையில் அச்சிட்ட விலையைவிட நிறையக் குறைத்தே கொடுப்பார்கள், நமக்கும் லாபமாகத்தான் தெரியும். ஆனால் காசு கொடுப்பதற்கு முன்னால் ஒன்றை யோசித்துவிடுங்கள். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் உட்காருவது யார், அதற்குள் ஃபைல் எந்த வழியாக வருகிறது? ஆபத்து வரும் வழி ஆளுக்கு ஆள் வேறாக இருக்கும்போது எல்லோருக்கும் ஒரே பேக் வாங்குவது வீண் செலவு என்பதுதான் என் கட்சி.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். அப்பாவுக்கு ஒரு பழைய டெஸ்க்டாப், விண்டோஸ் 10. அக்கா பள்ளி ஆசிரியை, அவளுக்கு ஒரு லேப்டாப். தம்பி இன்ஜினியரிங் படிக்கிறான், அவனுக்கு ஒன்று. என்னுடையது ஆபீஸ் கொடுத்தது, அதை ஆபீஸ் ஐடி ஆட்கள் பார்த்துக்கொள்கிறார்கள், நான் கை வைப்பதில்லை. ஆக, யோசிக்க வேண்டியது மூன்றைப் பற்றி.

முதலில் டிஃபெண்டர். 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் மைக்ரோசாஃப்ட்டின் ஆண்டிவைரஸ் விண்டோஸுக்குள்ளேயே வருகிறது, தனிக் காசு கிடையாது. "சும்மா கொடுப்பதெல்லாம் எதற்கு உதவும்" என்று இன்னும் பலர் சொல்கிறார்கள், ஆரம்ப காலத்தில் அதில் உண்மையும் இருந்தது. இன்று நிலைமை வேறு. ஜெர்மனியின் மாக்டெபர்க் நகரில் இருக்கும் ஏவி-டெஸ்ட் என்ற சோதனைக்கூடம் பாதுகாப்பு, வேகம், பயன்பாடு என்று மூன்றுக்கும் தலா 6, மொத்தம் 18 மதிப்பெண் போடும். டிஃபெண்டர் இப்போதெல்லாம் அதில் காசு கொடுத்து வாங்கும் ஆண்டிவைரஸ்களுக்குச் சமமாகவே நிற்கிறது. ஒரு குறை இருக்கிறது, அது நம் ஊருக்கு முக்கியமானது. டிஃபெண்டர் பெரிதும் மைக்ரோசாஃப்ட்டின் சர்வரைக் கேட்டுக்கேட்டு முடிவெடுக்கும் ரகம், நெட் இல்லாத நேரத்தில் அதன் பலம் குறைகிறது. நாள் முழுக்க வைஃபையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு இது பிரச்சினையே இல்லை.

அக்காவின் லேப்டாப்புக்குத்தான் பிரச்சினை. பள்ளியில் அவளுக்கு நெட் கிடைப்பது அபூர்வம், ஆனால் பென்டிரைவ் நாள் முழுக்கச் சுற்றும். வினாத்தாள் அச்செடுக்க ஜெராக்ஸ் கடை, மதிப்பெண் பட்டியல் ஏற்ற பள்ளி ஆபீஸ், அங்கிருந்து இன்னொரு ஆசிரியரின் லேப்டாப் என்று போய்வந்தபடியே இருக்கும். அப்படி ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்த பென்டிரைவைத் திறந்தால் ஃபோல்டர்கள் எல்லாம் அதே பெயரில் இருக்கும், ஆனால் ஒவ்வொன்றின் மூலையிலும் சின்ன அம்புக்குறி ஒன்று முளைத்திருக்கும். அதைப் பார்த்ததுமே கையை எடுத்துவிட வேண்டும். ஷார்ட்கட் வைரஸ் உண்மையான ஃபோல்டர்களை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட்டுகளை வைக்கும். அதைக் க்ளிக் செய்தால் ஃபோல்டரும் வழக்கம்போலத் திறக்கும், கூடவே பின்னால் வைரஸும் ஓடும், அதனால் ஆட்களுக்குச் சந்தேகமே வராது. பலர் பயந்துபோய் பென்டிரைவை ஃபார்மெட் செய்துவிடுகிறார்கள், பாவம், ஃபைல்கள் எல்லாம் அதற்குள்ளேயேதான் மறைந்து கிடக்கும். சுத்தமான கம்ப்யூட்டரில் ஸ்கேன் செய்துவிட்டு, மறைத்த ஃபைல்களைக் காட்டும் வசதியைப் போட்டால் கண்ணுக்குத் தெரியும்.

இந்த மாதிரி லேப்டாப்புக்குக் காசு கொடுத்து வாங்கலாம், தப்பே இல்லை. பென்டிரைவைச் செருகியதுமே ஸ்கேன் செய்கிற, நெட் இல்லாமலும் நன்றாகப் பிடிக்கிற ஒன்றாகப் பாருங்கள். சென்னையில் இருந்து வரும் கே7, புனேயில் இருந்து வரும் க்விக் ஹீல் இரண்டும் நம் ஊர் பென்டிரைவ் வைரஸ்களோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியவை. அக்காவுக்கு கே7 போட்டிருக்கிறேன், ஒரு சிஸ்டத்துக்கு மட்டும்.

தம்பி விஷயத்தில் எந்தப் பேக் வாங்கியும் பயனில்லை. பையன்கள் இறக்குவதெல்லாம் கிராக், ஆக்டிவேட்டர், அதாவது காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளைத் திருட்டுத்தனமாக ஓடவைப்பவை. கூடவே வரும் குறிப்பு ஃபைலில் முதல் வரியே "ஆண்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்" என்றுதான் இருக்கும், அவர்களும் ஆஃப் செய்துவிடுவார்கள். ஸ்டாப் அல்லது டிஜேவியூ என்று சொல்லப்படும் ரான்சம்வேர் பரவியது பெரும்பாலும் இப்படித்தான். படம், ப்ராஜெக்ட், எல்லாவற்றையும் பூட்டிவிட்டு 980 டாலர் கேட்கும், 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் 490 என்று தள்ளுபடி வேறு. தம்பியைக் கூப்பிட்டு உட்காரவைத்து இதைக் காட்டினேன். அவனுக்கு வேண்டிய மென்பொருள் பலவற்றுக்கு மாணவர் லைசென்ஸே இலவசமாகக் கிடைக்கிறது, மீதிக்கு லிப்ரே ஆபீஸ் மாதிரி இலவச மாற்று இருக்கிறது. அப்புறம் டிஃபெண்டரில் கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் என்று ஒரு ஸ்விட்ச் உண்டு, ஆஃபாகவே வரும். அதைப் போட்டுவிட்டால் தெரியாத புரோகிராம் எதுவும் டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களில் கை வைக்க முடியாது. வேறு ஆண்டிவைரஸ் போட்டுவிட்டால் இந்த வசதி வேலை செய்யாது, அதனாலேயே அவனுடையதில் டிஃபெண்டரை அப்படியே விட்டிருக்கிறேன்.

அப்பாவின் டெஸ்க்டாப்தான் எனக்கு உண்மையான கவலை. நெட் பேங்கிங், வருமான வரி, எல்லாம் அதில்தான். அவருக்கு வரும் ஆபத்து திரை முழுக்கச் சிவப்பாக "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், இந்த நம்பருக்கு உடனே அழைக்கவும்" என்று வரும் பக்கம். அழைத்தால் ஒருவர் மரியாதையாகப் பேசி, தூரத்தில் இருந்தே நம் கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க்கை இறக்கச் சொல்வார். எனிடெஸ்க் ஒழுங்கான மென்பொருள், ஆண்டிவைரஸ் அதை ஏன் தடுக்கப்போகிறது? அதனால் அவர் பிரவுசரில் விளம்பரத் தடுப்பான் போட்டேன், அட்மின் அல்லாத சாதாரண அக்கவுண்ட் ஒன்றைத் திறந்து கொடுத்தேன், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவைத்தேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. ஆண்டிவைரஸ் போட்டால் போதும் என்று இதில் இருந்துவிடக் கூடாது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகத்தையே ஆட்டியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது, போடாதவர்கள்தான் மாட்டினார்கள். கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் பதிவு செய்திருக்கிறேன், 2026 அக்டோபர் வரை தாங்கும், அதற்குள் வேறு வழி பார்க்க வேண்டும்.

டிஃபெண்டர் அல்லாத வேறு இலவச ஆண்டிவைரஸ் போடலாமா என்று உறவுக்காரர்கள் கேட்கிறார்கள். என் பதில் வேண்டாம் என்பதுதான். அவாஸ்ட் தன் பயனர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது 2020-ல் வெளியே வந்தது, 2024-ல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பைப் பார்க்கும் அரசு அமைப்பான எஃப்டிசி 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. ஏவிஜி 2016-லேயே அவாஸ்ட் கைக்குப் போய்விட்டது, இன்று நார்ட்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா நான்குமே ஜென் டிஜிட்டல் என்ற ஒரே கம்பெனியுடையவை. பெயரை மாற்றி மாற்றிப் போடுவதில் பெரிய அர்த்தமில்லை. இரண்டை ஒரே கம்ப்யூட்டரில் சேர்த்துப் போடவே போடாதீர்கள், ஒன்றை ஒன்று மறிக்கும், சிஸ்டம் நகராது. ஆன்லைனில் வாங்கினால் தானியங்கிப் புதுப்பித்தலை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள், முதல் வருஷ விலை வேறு, அடுத்த வருஷம் கார்டில் எடுக்கும் தொகை வேறு.

ஐந்து சிஸ்டம் பேக் வாங்காமல் மிச்சமான காசோடு கொஞ்சம் சேர்த்து ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். வீட்டில் எல்லோருடைய படங்களும் சான்றிதழ் ஸ்கேன்களும் அதில் ஒரு பிரதி இருக்கட்டும், காப்பி முடிந்ததும் கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள், செருகியே இருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும். புது லேப்டாப்போடு வந்த டிரையல் ஆண்டிவைரஸ் காலாவதியாகிக் கிடந்தால் அதையும் இன்றைக்கே நீக்கிவிட்டு, விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து டிஃபெண்டர் ஆனாகிவிட்டதா என்று பார்த்துவிடுங்கள்.