கார்த்திகைக் குறிப்புகள்

நவம்பர் 17
புரோகிராம்களுக்கு இடையில் செய்திகளை வரிசையில் (கியூ) வைத்துக் கொடுக்கிற ஐபிஎம் எம்கியூவை நிறுவுகிறோம். அதை நடத்துகிற கியூ மேனேஜருக்குப் பெயர் வைப்பதிலேயே பகல் போய்விட்டது. மெயின்பிரேம் என்கிற பெரிய கணினியில் அதற்கு நாலு எழுத்துக்கு மேல் இடமில்லை. எங்கள் வீட்டில் பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போதுகூட இவ்வளவு சண்டை நடந்ததில்லை.

நவம்பர் 19
அப்பா சொன்னது: இரணைமடுக் குளம் 31 அடி. மழை விடவில்லை.

நவம்பர் 20
லொக் கணக்கு. லொக் என்றால் வருகிற செய்திகளைத் தொலையாமல் எழுதிவைக்கிற கோப்பு. செய்தி ஒன்று 5 கிலோபைட், உச்ச நேரத்தில் செக்கனுக்கு 200. எல்லாமே பெர்சிஸ்டன்ட், அதாவது லொக்கில் எழுதியே ஆக வேண்டியவை; காசு விசயம், ஒன்றும் தொலையக்கூடாது. மணிக்கு 3.6 கிகாபைட், மேற்செலவு தனி. ஒரு அக்டிவ் லொக் ஆகக்கூடியது 4 கிகாபைட்தான். அதாவது மணிக்கு ஒன்று நிரம்பும். மூன்று போதும் என்கிறார் வேலையிடத்து அண்ணா. நிரம்பியதை ஆர்க்கைவ் செய்து, அதாவது வேறிடத்தில் பிரதி எடுத்து, முடித்தால்தானே அதைத் திரும்பப் பாவிக்கலாம்? சாமத்தில் ஆர்க்கைவ் சிக்கினால் கையில் மூன்று மணி நேரம். நான் எட்டுக் கேட்டேன். இரட்டைப் பிரதி, ஆக பதினாறு டேட்டாசெட் (மெயின்பிரேமில் கோப்புக்குப் பெயர்). "டிஸ்க் என்ன உங்கட அப்பாவின்ர காணியோ?" என்றார். சிரிப்பு வரவில்லை.

நவம்பர் 21
லொக் கணக்கை அப்பாவுக்கு விளங்கப்படுத்தினேன். "அப்ப வான்கதவு இல்லாத குளமோ?"
இல்லை. எல்லா லொக்கும் நிரம்பினால் இது உடைக்காது, வருகிற தண்ணீரை அப்படியே நிறுத்திவிடும். செய்தி போடுகிற புரோகிராம் எல்லாம் போட்ட கையோடு நிற்கும்.
"பரவாயில்லையே" என்றார். அவருக்குப் பன்னங்கண்டி வயல் யோசனை. கதவு திறந்தால் முதலில் தாழ்வது அதுதான்.

நவம்பர் 22
பிழை எண் 2085. இரண்டு மணி நேரம் போச்சு. கியூவின் பெயரைச் சின்ன எழுத்தில் எழுதிவிட்டு ஒற்றை மேற்கோள் போட மறந்திருக்கிறேன். மேற்கோள் இல்லாவிட்டால் அது எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கிவிடும். புரோகிராம் சின்ன எழுத்தில் தேடுகிறது, அப்படி ஒன்று இல்லை என்று பதில் வருகிறது. ஆள் இருக்கிறார், பட்டியலில் பெயர் வேறு மாதிரி. இது எனக்குப் புதிதில்லை.

நவம்பர் 24
33 அடி. கரண்ட் இல்லை.

நவம்பர் 25
டெட் லெட்டர் கியூ, போய்ச் சேராத செய்திகளைப் போடுகிற இடம். மெயின்பிரேமில் அது தானாக வராது. நாங்களே உருவாக்கி, கியூ மேனேஜருக்கும் பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், போய்ச் சேர வழியில்லாத ஒரு செய்தி வந்த உடனே அது வந்த சனலே (செய்தி போகிற பாதை) நின்றுவிடும், பின்னால் உள்ளதெல்லாம் காத்துக் கிடக்கும். சொன்னால், ஏன் சேரவில்லை என்ற காரண எண்ணோடு அங்கே கிடக்கும். யாராவது போய்ப் பார்க்க வேண்டும். திட்டத்தில் அந்த 'யார்' வெறுமையாக இருக்கிறது. கேட்டதற்கு, பிறகு பார்ப்பம் என்றார் அண்ணா.
அம்மா குசினியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறா. "ஒரு ஆளை இப்பவே போடச் சொல்லு பிள்ளை. பிறகு எண்டால் ஒருத்தரும் பார்க்கமாட்டினம்."

நவம்பர் 27
கூட்டத்துக்கு வரவில்லை என்று மட்டும் அனுப்பினேன். அம்மாவுடன் கனகபுரம் மாவீரர் துயிலுமில்லம். மாலை 6.05.

நவம்பர் 28
லொக் எட்டு இல்லை, ஐந்து. சரி. டெட் லெட்டர் கியூவுக்குப் பொறுப்பு: என் பெயரைப் போட்டுவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

நவம்பர் 29
35 அடி. 36 தான் கொள்ளளவு. வவுனியாப் பக்கம் பெய்த மழை கனகராயன் ஆற்றால் இன்னும் வந்துகொண்டிருக்கிறதாம். அப்பா டோர்ச்சோடு வயலுக்குப் போய்விட்டார், சொன்னால் கேட்கிற ஆளா.
இரவு 11க்குக் கட்ஓவர், புது அமைப்புக்கு மாறுகிற நேரம். யூபிஎஸ் இரண்டு மணி நேரம் தாங்கும். பச்சைத் திரையில் கியூ மேனேஜர் எழும்பிவிட்டது, சனல்களை ஓட்டுகிற சனல் இனிஷியேட்டர் இன்னும் இல்லை. முதல் லொக் 12 வீதம்.
போன். அப்பாதான்.