சிபாப் பழகுவது: மாஸ்க்கைச் சரியாக்கினால் பாதி வேலை முடிந்தது

தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறவர்கள் போட்டுக்கொள்ளும் சிபாப் மெஷினைச் சில நாள் மாட்டிப் பார்த்துவிட்டு மூலையில் வைத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். "காத்து முகத்துல அடிக்குது, தூக்கமே போச்சு, எனக்கு ஒத்துவராது" என்பார்கள். கொஞ்சம் விசாரித்தால் கோளாறு பெரும்பாலும் மாஸ்க்கில்தான் இருக்கும்.

இந்த மெஷின் ஆக்சிஜன் தருவதில்லை. அறைக் காற்றையே 4 முதல் 20 செ.மீ. நீர் (இந்த அழுத்தத்தை அளக்கும் அலகு) வரையான அழுத்தத்தில் செலுத்தி, தூக்கத்தில் தளர்ந்துபோகும் தொண்டை மூடிக்கொள்ளாமல் தாங்குகிறது. மாஸ்க்கில் லீக் இருந்தால் அந்த அழுத்தம் தொண்டைவரை போய்ச் சேராது. அதனால்தான் முதல் கவனம் மாஸ்க்குக்கு.

பலரும் உட்கார்ந்தபடி, கண்ணாடியைப் பார்த்து மாட்டுகிறார்கள். படுத்ததும் கன்னச் சதை சரிந்து முகத்தின் வடிவமே மாறிவிடும், லீக் ஆரம்பிக்கும். முகத்தைக் கழுவி, எண்ணெய்ப் பசையும் க்ரீமும் இல்லாமல் துடைத்துக்கொண்டு, வழக்கமாகப் படுக்கும் பக்கம் படுத்து, மெஷினை ஓடவிட்டு, அதற்குப் பிறகு பட்டைகளைச் சரிசெய்யுங்கள். கீழ்ப் பட்டை, மேல் பட்டை இரண்டையும், இரண்டு பக்கமும் சமமாக. பட்டைக்கு அடியில் ஒரு விரல் சுலபமாக நுழைய வேண்டும்.

லீக் ஆகிறதே என்று பட்டையை இழுத்து இறுக்குவதுதான் எல்லோரும் செய்வது. அதில்தான் லீக் கூடுகிறது. முகத்தில் படும் சிலிக்கோன் குஷனின் ஓரத்தில் மெல்லிய மடிப்பு ஒன்று உண்டு. காற்று அதற்குள் நிறைந்து உப்பி முகத்தில் ஒட்டிக்கொள்ளும். இறுக்கினால் அது நசுங்கிச் சுருங்கிவிடும், மூக்குத் தண்டிலும் புண் வரும். காற்று ஓடும்போதே மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாக முன்னே இழுத்து, மெதுவாகத் திரும்ப உட்காரவிட்டால் அந்த மடிப்பு தானாக விரியும். அப்போதும் நிற்கவில்லையென்றால் அளவைத்தான் சந்தேகப்பட வேண்டும். மாஸ்க்கின் முன்புறம் சின்னத் துளைகள் வழியாக எப்போதும் காற்று வரும். அது லீக் இல்லை. நாம் விடும் மூச்சு வெளியேறும் வழி. அதை அடைக்கவே கூடாது.

இன்னொன்று: பல மாஸ்க்குகளில் பட்டையை மாட்டும் கிளிப் காந்தம். பேஸ்மேக்கர் போன்ற கருவி உடம்பில் உள்ளவரோ, அப்படிப்பட்டவர் பக்கத்தில் படுக்கிறவரோ காந்தமில்லாத மாஸ்க்கைக் கேட்டு வாங்க வேண்டும்.

பழக்கத்தைப் பகலில் ஆரம்பிப்பது நல்லது. டிவி பார்க்கும்போது வெறும் மாஸ்க் 15, 20 நிமிடம், அது சங்கடமில்லை என்றானதும் ட்யூபை மாட்டிக் காற்றோடு, அப்புறம் மதியக் குட்டித் தூக்கம், பிறகு இரவு. அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் ராம்ப் வசதி பெரும்பாலும் 4-இல் தொடங்கும். வயதுவந்தவர்கள் பலருக்கு அது போதாமல் மூச்சு முட்டும். பயந்துபோய் அழுத்தத்தைக் குறைக்கச் சொல்வார்கள், தேவைப்படுவது நேரெதிர். ராம்ப் தொடங்கும் அளவை 5 அல்லது 6 ஆக்கச் சொல்லிக் கேளுங்கள். மூச்சை வெளியே விடுவது கஷ்டம் என்றால் அந்த நேரத்தில் மட்டும் அழுத்தத்தைக் குறைக்கும் அமைப்பு பல மெஷின்களில் உண்டு. சிகிச்சை அழுத்தத்தை மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

காலையில் வாய் வறண்டு கிடந்தால், பெரும்பாலும் மூக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு வாயைத் திறந்து தூங்குகிறீர்கள் என்று அர்த்தம். மூக்கடைப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். படுக்கும் முன் உப்புநீர் ஸ்ப்ரே உதவும். காற்றை ஈரமாக்கும் ஹியுமிடிஃபையரை ஒரு படி கூட்டலாம். அப்போதும் தீரவில்லையென்றால் வாயையும் மூடும் முழு மாஸ்க். ஹியுமிடிஃபையர் தொட்டியில் டிஸ்டில்டு வாட்டர், குறித்த கோட்டுக்கு மேல் போகாமல். காலையில் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். ராத்திரி ட்யூபில் களகளவென்று சத்தம் வந்து மூக்கில் தண்ணீர் சொட்டுகிறதா? குளிர்ந்த அறையில் ஈரக்காற்று ட்யூபுக்குள் நீராகிவிட்டது. ஈரப்பதத்தை ஒரு படி குறைத்து, ட்யூபுக்கு உறை போட்டு, மெஷினைத் தலைமட்டத்துக்குக் கீழே வைத்தால் நின்றுவிடும்.

குஷனைத் தினமும், ட்யூபையும் தொட்டியையும் வாரம் ஒருமுறையும் மிதமான சோப்பு நீரில் கழுவி நிழலில் காய வையுங்கள். ஸ்பிரிட் வேண்டாம், சிலிக்கோன் கெட்டுவிடும். ஃபில்டர் சாம்பல் நிறமானால் மாற்ற வேண்டியதுதான்.

நடுராத்திரி பாத்ரூம் போகும்போது மாஸ்க்கைக் கழற்றாமல் ட்யூபை மட்டும் பிரித்துவிட்டுப் போங்கள். கழற்றினால் அரைத்தூக்கத்தில் திரும்ப மாட்டத் தோன்றாது. கனவுத் தூக்கம் விடியற்காலையில்தான் அதிகம். பலருக்கு மூச்சுத்தடை மோசமாவதும் அதில்தான். நாலு மணி நேரம் போட்டோமே என்று திருப்திப்படுகிறவர்கள் தவறவிடுவது அந்த நேரத்தை.

மெஷின் திரையில் பார்க்க வேண்டியவை ஏஹெச்ஐ, லீக் இரண்டும். ஏஹெச்ஐ என்பது ஒரு மணி நேரத்தில் மூச்சு எத்தனை முறை நிற்கிறது அல்லது குறைகிறது என்ற கணக்கு. பொதுவாக 5-க்குக் கீழே இருக்க வேண்டும். லீக் அதிகமுள்ள இரவின் ஏஹெச்ஐயை அப்படியே நம்ப முடியாது. லீக் குறைந்த இரவுகளிலும் அது 5-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் மெமரி கார்டோடு டாக்டரிடம் போங்கள். தொண்டை திறந்திருந்தும் மூளை மூச்சுவிடச் சொல்லாத வகைத் தடைகள் சிலருக்கு சிகிச்சை தொடங்கிய பிறகு தலைகாட்டும். அவற்றைப் பல மெஷின்கள் தனியாக எண்ணி வைத்திருக்கும். அந்தக் கணக்கையும் அவரிடம் காட்டிக் கேளுங்கள்.