கூடவே குடிபெயர்ந்த கிருமி

சான் பிரான்சிஸ்கோவில் மகனின் பள்ளியில் கதை வாசிக்க முன்வந்தபோது, காசநோய் இல்லை என்ற சான்று கேட்டார்கள். சோதனைக்காக முன்கையில் ஊசி போட்ட இடம் இரண்டாம் நாள் கல்போலத் தடித்திருந்தது. அதை அளந்த செவிலியர், "எந்த நாட்டில் பிறந்தீர்கள்?" என்று கேட்டுவிட்டு நாற்காலியைச் சற்றே பின்னுக்கு நகர்த்திக்கொண்டார். அந்த நகர்வு சுருக்கென்று தைத்தது.

காசநோய்க்கு எதிராகச் சிறுவயதில் போட்ட பி.சி.ஜி. தடுப்பூசியின் தழும்பும் அவருக்குப் புதிது. அமெரிக்காவில் அந்தத் தடுப்பூசியை எல்லாருக்கும் போடுவதில்லை. ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் முடிந்தபின் மருத்துவர் விளக்கினார்: உடலில் கிருமி உறங்குகிறது, நோய் இல்லை, பிறருக்குத் தொற்றாது. உலகில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் நிலை இதுதான்.

இதே நகரத்துக் காசநோயாளிகளின் கிருமிகளை ஆராய்ந்து 2006-இல் வெளியான ஆய்வைத் தேடிப் படித்தேன். பல நாட்டவரும் கலந்து வாழும் இவ்வூரிலும் ஒவ்வொரு கிருமி வம்சமும் பெரும்பாலும் தன் பூர்வீக மண்ணின் மக்களிடையேதான் பரவியிருந்தது. தமிழ்நாட்டில் மிகுந்திருப்பது இந்தியப் பெருங்கடலைச் சுற்றி வாழும் முதலாம் வம்சம். மனிதனும் இக்கிருமியும் சேர்ந்து நடந்தது 70,000 ஆண்டுகள் என்பாரும் உண்டு, 6,000-க்கும் குறைவு என்பாரும் உண்டு. சிறு கூட்டங்களாக அலைந்த மக்களை உடனே கொன்றிருந்தால் கிருமியும் அவர்களோடு அழிந்திருக்கும். பல்லாண்டு உறங்கிக் காத்திருக்கும் இயல்பு அதனால் வந்திருக்கலாம் என்ற விளக்கம் என்னை வியக்கவைத்தது.

இந்த ஊரில் வேரூன்றிவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். ஆனால் அன்றிரவு முழுவதும் மனம் மின்சார ரயிலில் தாம்பரம் சானடோரியம் நிலையத்தைக் கடந்துகொண்டே இருந்தது. மருத்துவர் சௌரிமுத்து 1928-இல் அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையின் பெயரால் நின்ற நிலையம் அது. நோயாளியை ஊருக்கு வெளியே வைத்த அக்காலத்து வழக்கத்தை மாற்றியதும் சென்னைதான். மாத்திரை உண்டு வீட்டிலிருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு இணையாகக் குணமடைந்தார்கள், வீட்டாருக்குக் கூடுதல் ஆபத்து நேரவில்லை என்று 1959 முதல் வெளியான சென்னை ஆய்வு முடிவுகள் உலகுக்குக் காட்டின. நோயுள்ளவரோடே ஒரே கூரையின்கீழ் வாழலாம் என்றால், நோயே இல்லாத என்னிடமிருந்து விலக என்ன காரணம்?

ஃபோனில் சொன்னபோது அம்மாவும், "யார்கிட்டயும் சொல்லாதே கண்ணு" என்றாள். நான் பள்ளியில் வெளிப்படையாகவே சொன்னேன். உறங்கும் கிருமி நோயாக விழித்துவிடாதிருக்க, நான்கு மாத ரிஃபாம்பிசின் மாத்திரையையும் தொடங்கிவிட்டேன்.