சாவியைக் கொடுப்பதற்கு முன்

லண்டன் கவுன்சில்களின் (உள்ளூராட்சி மன்றங்களின்) வீட்டுவசதிப் பிரிவில் தமிழில் அடிக்கடி கேட்கிற பேச்சு ஒன்று உண்டு: "நோட்டீஸில போட்ட தேதி வந்திட்டுது, சாவியைக் குடுத்திட்டு வந்திட்டம். இனி எங்க போறது?" இந்த வேலையில் மனதுக்கு மிகச் சங்கடமான கேள்வி இது. அதே குடும்பம் இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் செய்திருக்கக்கூடியவை பல. சாவி கைமாறிய பிறகு மிஞ்சுபவை கொஞ்சம்.

வெளியேறச் சொல்லி வீட்டுக்காரர் தரும் நோட்டீஸில் இருக்கும் தேதி வீட்டைக் காலி செய்தே ஆகவேண்டிய நாள் அல்ல. அதற்குப் பிறகு வீட்டுக்காரர் நீதிமன்றத்துக்குப் போகலாம், அவ்வளவுதான். நீதிமன்றம் உத்தரவு தரவேண்டும். உத்தரவுக்குப் பிறகும் குடியிருப்பவர் இருந்தால் பேலிஃப் (உத்தரவை நிறைவேற்றும் நீதிமன்ற அலுவலர்) வரவேண்டும். இந்த மூன்று படியையும் தாண்டாமல் பூட்டை மாற்றுவதும், மின்சாரத்தை நிறுத்துவதும், சாமானைத் தெருவில் வைப்பதும் 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். காரணம் சொல்லாமல் எழுப்பும் பிரிவு 21 நோட்டீஸ் இங்கிலாந்தில் 2026 மே 1 முதல் இல்லை. இப்போது காரணத்தோடுதான் நோட்டீஸ். வீட்டை விற்கப்போவதாகச் சொன்னால் நான்கு மாத அவகாசம் தரவேண்டும், அதுவும் குடிவந்த முதல் ஆண்டில் அந்தக் காரணம் செல்லாது.

56 நாளுக்குள் வீடு இல்லாமல் போகக்கூடும் என்ற நிலை வந்தாலே, தகுதி உள்ளவருக்குக் கவுன்சிலின் கடமை தொடங்குகிறது. 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம் இது. அந்த நாட்களில் வீட்டுக்காரரோடு பேசலாம், வாடகை நிலுவைக்குத் தவணை போடலாம், வேறு வீட்டுக்கு முன்பணம் தேடலாம். ஆலோசனை கேட்காமல் தானாக வெளியேறினால் 'தெரிந்தே வீட்டை விட்டவர்' என்ற முடிவுக்கு இடம் கொடுத்ததாகிவிடும். அந்த முத்திரை விழுந்தால் நிரந்தர வீட்டுக்கான கடமை கவுன்சிலுக்கு இல்லாமல் போகலாம். வரும்போது நோட்டீஸ், ஒப்பந்தம், விசா விவரம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கு அறிக்கை எல்லாவற்றையும் ஒரே பையில் கொண்டுவந்தால் இரண்டு சந்திப்பு மிச்சமாகும்.

"ஒப்பந்தம் ஒண்டும் இல்லை, அவர் எங்கட ஆள்தானே" என்பது அடுத்த பேச்சு. வாடகை கையில் காசாக, ரசீது இல்லாமல். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் வாடகை கொடுத்துத் தனியாகக் குடியிருந்தால் வாடகைக் குடியிருப்பாளருக்கான உரிமை உண்டு. கஷ்டம் நிரூபிப்பதில்தான். "அண்ணை, இந்த மாசக் காசு மேசையில வச்சிருக்கு" என்று அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகூட அப்போது பெறுமதியான சான்று. இன்னொன்றையும் சொல்லவேண்டும்: பொது நிதி பெற முடியாத விசாவில் இருப்பவருக்கு கவுன்சில் வீட்டுக்கான காத்திருப்புப் பட்டியலும் வீடற்றோர் உதவியும் கிடையாது. ஆனால் வீட்டின் ஆபத்தைப் பரிசோதிக்கச் சொல்வதற்கும், சட்டவிரோத வெளியேற்றத்தைத் தடுக்கக் கேட்பதற்கும் விசா ஒரு தடை இல்லை. இதை அறியாமல் எத்தனையோ பேர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

நவம்பர் பிறந்ததும் தொலைபேசியில் வரும் முறைப்பாடுகளில் பாதி பூஞ்சணம் பற்றியது. முதலில் பார்க்கவேண்டியது ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை. கீழ்த்தளச் சுவரில் மட்டும், ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம்வரை, மேல்விளிம்பில் வெள்ளை உப்புக்கோடு தெரிந்தால் தரையிலிருந்து ஏறும் ஈரம். அங்கே கரும்பூஞ்சணம் அதிகம் வளராது, உப்பு விடாது. மழைக்குப் பிறகு பெரிதாகும் ஒற்றைத் திட்டு என்றால் கூரைப் பீலி நிறைந்து வழிகிறது, அல்லது செங்கல் இடுக்கின் சாந்து உதிர்ந்திருக்கிறது. வெளிச்சுவரின் மூலையிலும் யன்னல் ஓரத்திலும் அலுமாரிக்குப் பின்னாலும் மிளகு தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் வந்தால், உள்ளே உண்டாகும் நீராவி குளிர்ந்த சுவரில் படிகிறது. ஈரமானியை மட்டும் நம்பக்கூடாது; சுவரில் உப்பு இருந்தால் காய்ந்த சுவரையும் அது ஈரம் என்று காட்டும்.

மூன்றாவது வகையில்தான் சண்டை. "நீங்கள் யன்னலைத் திறப்பதில்லை, உடுப்பை உள்ளே காயப்போடுகிறீர்கள்" என்று வீட்டுக்காரர் கடிதம் எழுதுவார். ஒரு தடவை தோய்த்த உடுப்பிலிருந்து இரண்டு லிட்டர் அளவுக்குத் தண்ணீர் காற்றில் கலக்கலாம், புட்டும் இடியப்பமும் அவிக்கிற குசினியில் ஆவி கொஞ்சமா? ஆனால் சோறு அவிப்பது குற்றமல்ல. ஆவி வெளியே போக வழி இருக்கிறதா என்பதைத்தான் பார்க்கவேண்டும். குளியலறை விசிறி வினாடிக்கு 15 லிட்டர் காற்றை இழுக்கவேண்டும். குசினியில் அடுப்புக்கு மேல் இருந்தால் 30, வேறு இடத்தில் இருந்தால் 60. ஒரு தாள் டிஷ்யூவை விசிறியின் முன் பிடித்தால் அது ஒட்டிக்கொள்ளவேண்டும்; கீழே விழுந்தால் விசிறி சத்தம் மட்டும் போடுகிறது. அட்டுவத்தில் அதன் குழாய் கழன்று கிடப்பது வழமை. அப்போது குளியலறையின் ஆவி முழுவதும் கூரைக்கடியில் போய்ப் படிகிறது. அலுமாரியைச் சுவரிலிருந்து ஐந்து சென்டிமீட்டராவது தள்ளி வைப்பது குடியிருப்பவர் செய்யக்கூடியது. பரிசோதனைக்கு முதல்நாள் பெயின்ட் அடிப்பது வீட்டுக்காரர் செய்வது. ஜனவரியில் புள்ளிகள் திரும்ப வரும்.

வாழ்க்கைமுறைதான் காரணம் என்று கைகழுவும் வழக்கத்தின் விலை, 2020 டிசம்பரில் ராச்டேலில் வீட்டுப் பூஞ்சணத்தால் இறந்த இரண்டு வயது அவாப் இஷாக். அந்தக் குழந்தையின் பெயரில் வந்த சட்டப்படி, 2025 அக்டோபர் 27 முதல் கவுன்சிலும், குறைந்த வாடகைக்கு வீடு தரும் வீட்டுச் சங்கங்களும் உடனடி ஆபத்தை 24 மணி நேரத்திலும், பாரதூரமான ஈரத்தையும் பூஞ்சணத்தையும் 10 வேலைநாளுக்குள்ளும் ஆராயவேண்டும். தனியார் வீட்டுக்கு வழி வேறு. முதலில் வீட்டுக்காரருக்கு எழுத்தில் முறைப்பாடு, பக்கத்தில் அளவுநாடா தெரியத் தேதியோடு படம். பதில் இல்லையென்றால் கவுன்சில் அதிகாரி வந்து 29 வகை ஆபத்துகளுக்கான 2004ஆம் ஆண்டுச் சட்ட முறைப்படி மதிப்பிடுவார். முதல் வகை, அதாவது மிகப் பாரதூரமான, ஆபத்து என்று வந்தால் கவுன்சில் நடவடிக்கை எடுத்தே ஆகவேண்டும். இரண்டாம் வகைக்கு எடுக்கலாம். திருத்த நோட்டீஸ் கொடுத்தாலும், வேலையை 28 நாளுக்கு முன் தொடங்கச் சொல்ல முடியாது. "நேற்று வந்து பார்த்தீங்கள், இன்னும் ஒண்டும் நடக்கேல்லை" என்ற கோபத்துக்குப் பாதிக் காரணம் இந்த 28 நாள்.

வீட்டுக்காரர்கள் தவறுவது தலை எண்ணுவதில். ஒரு வீட்டில் ஐந்து பேர், ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பம், பொதுக் குசினி அல்லது குளியலறை என்றால் அதை வாடகைக்கு விடக் கவுன்சிலின் உரிமம் கட்டாயம். பிள்ளைகளும் கணக்கில் சேரும். பெரியப்பா மகன் ஒரே குடும்பம், ஊர்க்காரர் வேறு குடும்பம். சட்டத்தின் உறவுப் பட்டியல் அப்படி. சில கவுன்சில்களில் மூன்று பேர் இருந்தாலே உரிமம் வேண்டும். நியூஹாமில் 2013 முதல் தனியார் வாடகை வீடுகளுக்கும் பரவலாக உரிம முறை இருக்கிறது. உரிமமில்லாமல் வாங்கிய வாடகையைத் திருப்பித் தரச் சொல்லித் தீர்ப்பாயம் ஆணையிடலாம்.

உரிமம் கேட்ட பிறகு அளவுநாடா வரும். பத்து வயதுக்கு மேற்பட்ட ஒருவர் படுக்க 6.51 சதுர மீட்டர்: 2.1க்கு 3.1 மீட்டர் அறை. கிழக்கு லண்டனின் பழைய வரிசை வீடுகளில் மாடிப்படிக்கு மேலிருக்கும் சின்ன அறை பெரும்பாலும் இதில் தோற்கும். கூரைச் சரிவில் உயரம் ஒன்றரை மீட்டருக்குக் குறைந்த இடம் சேராது. குசினியில் புகை அலாரத்துக்குப் பதில் வெப்பத்தை உணரும் அலாரம் போடுவது நல்லது. மிளகாய் பொரிக்கும்போதெல்லாம் கத்துகிற அலாரத்தைக் கழற்றி லாச்சிக்குள் போட்டுவிடுவார்கள், பிறகு நெருப்புப் பிடித்தால் அது லாச்சிக்குள்தான் இருக்கும். அறைக்கதவு உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கவேண்டும்.

சொந்த வீட்டில் குடியிருப்பவர்கள் கவுன்சில் பக்கம் வருவது குறைவு. தங்களுக்கு ஒன்றும் இல்லை என்று நினைக்கிறார்கள். மாடி ஏற முடியாத அம்மாவுக்குப் படி லிஃப்டோ, தரைமட்டக் குளியலோ போட இங்கிலாந்தில் 30,000 பவுண்ட் வரை மானியம் உண்டு. வருமானம் பார்ப்பார்கள், பிள்ளைக்கான வேலை என்றால் பார்க்கமாட்டார்கள். முதலில் தொழில்சார் சிகிச்சையாளர் (ஒக்குபேஷனல் தெரபிஸ்ட்) வந்து தேவையை எழுதவேண்டும், பிறகு மதிப்பீடு, பிறகு விண்ணப்பம். முழுமையான விண்ணப்பத்துக்கு ஆறு மாதத்துக்குள் முடிவு தரவேண்டும். சொந்த வீட்டில் மானியம் 5,000க்கு மேல் போனால், பத்து வருடத்துக்குள் விற்கும்போது அந்த மிகுதியில் 10,000 பவுண்ட் வரை கவுன்சில் திரும்பக் கேட்கலாம். கையெழுத்துக்கு முன் பிள்ளைகளும் இதைத் தெரிந்திருப்பது நல்லது. ஆறு மாதம் நீளம்தான். பொறுக்கமுடியாமல் மகன் ஒரு சனிக்கிழமை பழைய குளியல் தொட்டியை உடைத்து எடுத்துவிடுவார். ஒப்புதலுக்கு முன் தொடங்கிய வேலைக்கு மானியம் பொதுவாகக் கிடைக்காது. அவ்வளவு நாள் காத்திருந்த கோப்பு, தோட்டத்தில் கிடக்கும் அந்தத் தொட்டியின் படத்தோடு மூடப்படும்.